பழப்புளி போட்டுத் தேய்த்த நவாஹாக்கள்

மேசையில் கத்திகள் கிடந்தன. வெள்ளைத் துவாய் விரித்து, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக அடுக்கியிருந்தது. பலேர்மோவுக்குப் பக்கத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் வள்ளம் வந்ததும் பலகையில் மீன் அடுக்குவார்களே, அப்படி. யன்னல் வெளிச்சம் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது.

அந்தக் கத்திகள் மின்னக் கூடாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கருமையோடு கிடக்கவேண்டியவை அவை. நான் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போகும்போது அப்படித்தான் கிடந்தன. கம்பு ஊன்றித் திரும்பி வந்தால் இப்படி. நான் வேலை செய்கிற வீடு முழுக்கப் பழப்புளி மணம்.

செல்வமேரி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்திட்டியளோ அக்கா! கால் எப்பிடி? இருங்கோ, கதிரை கொண்டு வாறன். பாத்தியளோ, நேற்று முழுக்க இதுதான் வேலை. கை எரியுது."

"என்ன போட்டுத் தேய்ச்சனி?"

"பழப்புளியும் சாம்பலும். இஞ்சை சாம்பலுக்கு எங்கை போறது? கீழ பிஸ்ஸா சுடுறவனிட்டைக் கேட்டு ஒரு பை வாங்கினன். ஏன் கேக்கிறாய் எண்டு அவனுக்கு ஒரே சிரிப்பு."

"அலுமாரியைத் திறக்காதை எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனான்?"

"நான் திறக்கேல்லை அக்கா. போன கிழமை அந்தத் தம்பி வந்து திறந்து, எல்லாத்தையும் வெளியில எடுத்துப் படம் பிடிச்சவர். பூட்டாமல் போட்டார். பாத்தால் எல்லாம் கறுத்துக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஐயா செத்த ஆண்டுப் பூசை வருது. வீட்டில பித்தளை கறுத்துக் கிடந்தால் சரியோ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் மன்னாரில் திருநாளுக்கு முதல் கிழமை கோயில் மெழுகுதிரித் தண்டுகளைப் பழப்புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவள். நான் குத்துவிளக்குத் தேய்த்து வளர்ந்தவள். பித்தளை கறுத்தால் வீட்டுக்காரி சோம்பேறி என்பதுதான் இரண்டு பேருக்கும் படிப்பித்தது.

"வடிவாய் இல்லையோ அக்கா?" என்று கேட்டாள்.

"நாசமாக்கிப்போட்டாய்" என்றேன்.

யார் இந்தச் செல்வமேரி

என் சொந்தம் இல்லை. பலேர்மோவின் சீசா பகுதியில் எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருக்கிறாள். நான் படுக்கையில் கிடந்த கிழமைகளில் என் இடத்தில் நான்தான் அவளை விட்டேன். முழங்கால் இனிப் பழையபடி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டதால், பின்னேர வேலைக்கு அவளையே நிரந்தரமாக எடுப்பதாகச் சிஞ்ஞோரா, அதாவது நாங்கள் வேலை செய்கிற வீட்டு அம்மா, சொல்லியிருந்தார்.

அந்த வேலை அவளுக்குச் சும்மா வேலை இல்லை. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, முடிகிற நேரம். புதுப்பிக்க வேண்டுமென்றால் வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். முந்தி வேலை செய்த வீட்டுக் கிழவர் செத்துப்போனதோடு ஒப்பந்தமும் செத்துவிட்டது. இந்த வீட்டு ஒப்பந்தம் அந்தக் கிழமை கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் அவள் அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா வாசலில் வெறுங்கையோடு நிற்பாள்.

அந்தப் பேப்பர் வேலையெல்லாம் பார்ப்பது சிஞ்ஞோராவின் மருமகன் ஃபாப்ரிட்சியோ. சிஞ்ஞோராவின் கணவருடைய தமக்கையின் மகன். செல்வமேரி "அந்தத் தம்பி" என்று சொன்னது அவனைத்தான். தம்பிக்கு ஐம்பது வயது.

கருமை என்றால் ஊத்தை இல்லை

போன கிழமை இந்தப் பக்கத்தில் சீசாவில் வீடு தேடிய கதையை எழுதியதற்கு, "கொஞ்சம் ஆறுதலாக எழுதக்கூடாதோ" என்று ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். ஆறுதலாக எழுத எனக்குத் தெரியாது. இந்தக் கிழமை கத்தியைப் பற்றி எழுதுகிறேன். விருப்பம் இல்லாதவர்கள் சமையல் பக்கத்துக்குப் போகலாம்.

அவை ஸ்பெயின் நாட்டு மடக்குக் கத்திகள். நவாஹா என்று பெயர். சிஞ்ஞோராவின் கணவர் கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். இளவயதில் பார்சலோனா, வலென்சியா என்று போவார். மற்றவர்கள் வாசனைத் தண்ணியும் சுருட்டும் வாங்கிவர, இவர் பழைய சாமான் சந்தைக்குள் புகுந்து கத்தி வாங்கி வருவார். பிறகு பலேர்மோ துறைமுகத்தில் நாப்போலி போகிற கப்பல்களில் வேலை. அப்போதும் வாங்குவதை விடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அலுமாரிக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சத்தம் போட்டுச் சொன்னார். "இதைக் கழுவக் கூடாது. தேய்க்கக் கூடாது. எண்ணெய்த் துணியால் ஒற்ற மட்டும் செய்யலாம். இந்தக் கறுப்பு ஊத்தை இல்லை. இரும்புக்கு வயது போகப் போக வந்த தோல். தோலை உரித்தால் பிறகு கத்தியும் இல்லை, கதையும் இல்லை."

மனிதர் எதையும் மெதுவாகச் சொல்லமாட்டார். கப்பல் மெசின் சத்தத்தில் மந்தமான காது.

நவாஹாவைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது பிடியின் வளைவு. மாட்டுக் கொம்பில் செய்தது உண்டு, எலும்பில் செய்தது உண்டு. அதற்கு மேலும் கீழும் பித்தளைத் தகடு. அலகின் முதுகு நுனிக்குக் கிட்ட வந்து உள்ளே வளைந்து கூராகும். சிலவற்றின் அலகில் அமிலம் விட்டு அரித்த பூவேலை இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். மடித்தால் பிடிக்குள் அடங்கும். சிலது பழம் வெட்டுகிற அளவு. சிலது திறந்தால் என் முழங்கை நீளம்.

ஏன் மடித்தார்கள் என்றும் இஞ்சினியர் சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் ஸ்பெயினில் பிரபுக்கள் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு திரிவார்கள். கழுதை ஓட்டுகிறவன், மீன் பிடிக்கிறவன், கடத்தல்காரன், இவர்கள் கட்டக் கூடாது. ராசாமார் தடைக்கு மேல் தடை போட்டார்கள். சனம் என்ன செய்தது? கத்தியை மடித்து இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டது. கேட்டால், பாண் வெட்டுகிற கத்தி. பாணும் வெட்டினார்கள். மற்றதும் வெட்டினார்கள். பெண்களும் சின்னதாய் ஒன்று காலுறைக்குள் வைத்திருந்தார்களாம். நல்ல வேலை செய்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இதற்குப் பேர்போன ஊர் அல்பாசெத்தே. ரயில் நின்றால் மேடையில் கத்தி விற்கிறவர்கள் அகலப் பட்டி கட்டி, அதில் கத்திகளைச் செருகிக்கொண்டு யன்னல் யன்னலாக வருவார்களாம். எங்களூரில் கச்சான் கடலை விற்பதுபோல். ஆனால் ஸ்பெயின் கத்தி என்று விற்பதில் நிறைய பிரான்சில் செய்தவை. மலிவாகச் செய்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். சிஞ்ஞோராவின் அலுமாரியிலும் சிலது அப்படித்தான். இஞ்சினியர் அதற்காக வெட்கப்படவில்லை. "ஸ்பெயின்காரனின் இடுப்பில் இருந்தால் அது ஸ்பெயின் கத்திதான்" என்பார்.

சத்தம்

நவாஹாவில் எனக்குப் பிடித்தது அதன் சத்தம்.

அலகின் அடியில் பல் வெட்டியிருக்கும். பிடியின் முதுகில் ஒரு இரும்பு வில். அலகைத் திறக்கும்போது ஒவ்வொரு பல்லும் வில்லில் விழுந்து எழும்பும். கட, கட, கட என்று. முழுக்கத் திறந்ததும் கடைசிப் பல் பூட்டிக்கொள்ளும். மடிக்க வேண்டுமென்றால் முதுகிலுள்ள வளையத்தை இழுத்து வில்லை உயர்த்த வேண்டும். நல்ல கொல்லன் செய்ததில் பல்லும் வில்லும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். மோசமானதில் சத்தம் இழுபடும்.

பழைய காலத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், ஒருவன் கத்தியை எடுத்து மெதுவாகத் திறப்பானாம். அவசரப்படாமல், ஒவ்வொரு பல்லாக. பாதிச் சண்டை அந்தச் சத்தத்திலேயே முடிந்துவிடும். கேட்டவன் போய்விடுவான்.

எனக்கு அது நன்றாக விளங்கியது. நாங்கள் வளர்ந்த காலத்தில் துவக்கு லோட் பண்ணுகிற சத்தத்துக்கே கால் தானாக நடக்கும். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் அம்மாவின் கூடைக்குள் கையை விட்டுப் பாக்குவெட்டியை எடுத்தான். இது என்ன ஆயுதம் என்று கேட்டான். அம்மா வாயைத் திறந்து சிவந்த நாக்கைக் காட்டினா. அவன் விடவில்லை. பாக்குவெட்டியைப் பறித்துக்கொண்டான். அம்மா அதற்குப் பிறகு பாக்கைக் கல்லில் குத்தித்தான் போட்டா. ஒவ்வொரு குத்துக்கும் அவனை ஒரு சொல் சொல்லிக் குத்துவா.

சிஞ்ஞோராவுக்கும் சத்தம்தான் கத்தி. இப்போது அவருக்குக் கண் பெரும்பாலும் போய்விட்டது. ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. ஆனால் பார்வை இருந்த காலத்திலேயே அவர் கத்திகளைப் பார்த்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய, கணவர் மேசையில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். இவர் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டிருப்பார். சத்தத்தை வைத்து இரண்டு பேருமாகப் பெயரும் வைத்தார்கள். ஒன்று தவளை. ஒன்று பாதிரியார், ஏனென்றால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் யோசிக்கும். எல்லாவற்றிலும் பெரியது மாமியார். திறந்தால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

மாமியார் வாயை மூடி வருடக்கணக்காகிறது. இஞ்சினியர் நோயில் கிடந்த வருடம் கடல் ஈரம் பட்டு உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. பலவந்தம் பண்ணாதே என்று அவர் சொன்னதால் நான் தொடவில்லை.

அவர் போன பிறகு சனிக்கிழமைகளில் நான் எண்ணெய் போடும்போது சிஞ்ஞோரா பக்கத்தில் இருப்பார். ஒவ்வொன்றையும் துடைத்து அவருக்கு முன்னால் மேசையில் வைப்பேன். கையில் கொடுக்கமாட்டேன். கத்தியையும் ஊசியையும் நாங்கள் கைக்குக் கை கொடுப்பதில்லை, கொடுத்தால் சண்டை வரும். முதலில் சிரித்தார். பிறகு, சிசிலியில் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு சில்லறைக் காசு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உறவு வெட்டுப்படும் என்றார். கத்திக்குப் பயப்படாத சனம் எங்கும் இல்லை. கொஞ்சக் காலத்தில் அவரும் எனக்கு மேசையில் வைக்கப் பழகிவிட்டார்.

மருமகன் வந்தான்

நான் செல்வமேரியை ஏசிக்கொண்டே தையல் மெசின் எண்ணெயை எடுத்தேன். தேய்த்த இரும்பில் ஒரே இரவில் மஞ்சள் துரு பூக்கத் தொடங்கியிருந்தது.

"தேங்காயெண்ணெய் பூசட்டோ அக்கா?"

"தலைக்குப் பூசு. கொஞ்சமாவது குளிரட்டும்."

கதவு திறந்தது. ஃபாப்ரிட்சியோவிடம் கதவைத் திறக்கத் தனித் திறப்பு இருக்கிறது, மணி அடிக்கமாட்டான். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தவன் மேசையைப் பார்த்து அப்படியே நின்றான். இனி அவர்கள் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். அதுதான் எனக்கு வரும்.

"என்ன இது?"

"கத்தி" என்றேன்.

"கத்தி எண்டு எனக்குத் தெரியும்! ஆர் கழுவினது?"

அவன் எனக்கு எப்போதும் 'நீ' போட்டுத்தான் பேசுவான். இத்தாலியனில் மரியாதைக்கு வேறு சொல் இருக்கிறது. பாங்கில் அதைப் பாவிப்பான். ஆகவே நானும் அவனுக்கு 'நீ' தான்.

செல்வமேரி முன்னால் வந்து, "நான்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். எனக்கு அதுவும் கோபம்.

அவன் ஒன்றை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தான். "சனிக்கிழமை ரோமில இருந்து ஆள் வருது. படம் அனுப்பியாச்சு. விலை பேசியாச்சு. இப்ப என்னத்தைக் காட்டுறது? சூப்புக் கரண்டி மாதிரிக் கிடக்கு!"

"ஆள் வருதோ? எதுக்கு வருது?"

சொல்ல வேண்டியதைவிடக் கூடச் சொல்லிவிட்டான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எனக்கு விளங்கிவிட்டது. சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் விற்கப் பார்த்திருக்கிறான். கண் தெரியாத மனுசிதானே, அலுமாரி பூட்டிக் கிடந்தால் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார் என்று.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமிக்கு ஒண்டும் சொல்லாதை. அவவுக்கு இருதயம் சரியில்லை. இவள் இப்பவே போகட்டும். ஒப்பந்தம் கிடையாது. நிண்டால் பொலிசுக்குப் போவன். பெறுமதியான சாமானை நாசமாக்கினவள் எண்டு எழுதிக் குடுப்பன். பிறகு பெர்மெஸ்ஸோவுக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

தெரியும். எங்களுக்கு நல்லாத் தெரியும் என்று தெரிந்துதான் சொல்கிறான்.

செல்வமேரி ஏப்ரனைக் கழற்றத் தொடங்கினாள். கழுத்து முடிச்சு அவிழவில்லை. "அக்கா, நான் போறன்" என்றாள் தமிழில். "பிரச்சினை வேண்டாம். பிழை என்ரைதானே."

"இரு."

"உங்கடை வேலையும் போயிடும் அக்கா."

"இரு எண்டு சொன்னனான். பிழை உன்ரைதான், ஓம். ஆனா கத்தி ஆற்றை? இவன்ரையோ? கத்திக்காரிதான் சொல்லோணும், நீ போறதோ நிக்கிறதோ எண்டு."

அவனிடம் திரும்பி இத்தாலியனில் சொன்னேன். "சிஞ்ஞோராவைக் கூப்பிடப் போறன்."

"கூப்பிட்டால் நாளையில இருந்து உனக்கு இஞ்சை வேலை இல்லை."

"முழங்கால் ஏற்கெனவே போச்சு. வேலையும் போகட்டும்."

கம்பை எடுத்தேன். அவன் வழியில் நின்றான். கம்பை அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஊன்றினேன். விலகினான்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த அறைக்கும் சிஞ்ஞோராவின் அறைக்கும் இடையில் ஒரு சின்ன நடைதான். அதில் நடக்கும்போது, கழுவினதை அவர் மன்னிப்பார் என்று எனக்கு எந்த நம்பிக்கையும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பின்கதவால் போகக் கூடாது. போனால் வாழ்நாள் முழுக்கக் கள்ளி மாதிரி நடப்பாள். நான் அப்படி நடந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்தாயிற்று.

மேசையில்

சிஞ்ஞோராவைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். வரும்போதே, "என்ன புளிச்ச மணம்?" என்று கேட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. பழப்புளி, சாம்பல், கருமை எல்லாம் போய்விட்டது, செய்தது செல்வமேரி என்று சொன்னேன். அவர் கையை நீட்டினார். ஒரு கத்தியை அவருக்கு முன்னால் வைத்தேன்.

பிடியை விரலால் தடவினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நீண்ட நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"அவர் இதில இல்லை" என்றார்.

கொம்புப் பிடியில் இஞ்சினியரின் கை வியர்வையும் சுருட்டு மணமும் ஊறியிருந்தது. எனக்கு அது தெரியும், ஆனால் அன்றைக்கு நினைவு வரவில்லை. நான் விலையை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன், மருமகன் மாதிரி.

அடுத்ததை எடுத்தார். மணந்தார். வைத்தார். அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மணந்து வைத்தார். செல்வமேரி சத்தமில்லாமல் அழுதாள். ஃபாப்ரிட்சியோவின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

"பாத்தியளோ மாமி" என்றான். "எல்லாத்தையும் நாசமாக்கிப்போட்டாள். நான் இவளை—"

"பொறு" என்றார் சிஞ்ஞோரா. செல்வமேரி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏன் செய்தனி?"

செல்வமேரியின் இத்தாலியன் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. "ஞாயிற்றுக்கிழமை பூசை" என்றாள். "சிஞ்ஞோரே... ஐயா... அவருக்காக. சுத்தமாய். எங்கடை கோயில்ல அப்பிடி." பிறகு சொல் வராமல் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. அவள் சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டும். "மன்னியுங்கோ" என்று முடித்தாள்.

சிஞ்ஞோராவின் கை துவாயில் ஊர்ந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தது. திறந்தார். கட, கட, கட.

"தவளை" என்றார்.

இன்னொன்று. கட... கட... கட.

"பாதிரியார். இன்னும் யோசிக்கிறார்." குரல் கொஞ்சம் இளகியிருந்தது. கை பெரியதில் போய் நின்றது.

"அது திறக்காது சிஞ்ஞோரா" என்றேன். "இறுகிப்போனது."

"திறக்கும் அக்கா" என்றாள் செல்வமேரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தக் கத்திக் கிழவி திறக்கமாட்டன் எண்டு நிண்டவ. முந்தநாள் பின்னேரமே பழப்புளித் தண்ணியில ஊறப் போட்டனான்."

நான் மொழிபெயர்க்க முதலே சிஞ்ஞோரா அலகைப் பிடித்து இழுத்தார்.

கட! கட! கட! கட!

அந்தச் சத்தம் அறையில் விழுந்து திரும்பி வந்தது. ஃபாப்ரிட்சியோ ஒரு அடி பின்னால் போனான். சிஞ்ஞோரா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"மாமியார் திரும்பக் கதைக்கத் தொடங்கிட்டா! கடவுளே, நான் செத்த பிறகுதான் வாயைத் திறப்பா எண்டு இருந்தனான்."

பீச் பழம்

சிரிப்பு அடங்கியதும் ஃபாப்ரிட்சியோவைக் கேட்டார். "நீ இண்டைக்கு ஏன் வந்தனி? செவ்வாய்க்கிழமை நீ வாறேல்லையே."

"சும்மா, மாமி. உங்களைப் பாக்க."

"சனிக்கிழமை ரோமில இருந்து ஆள் வருதாம் சிஞ்ஞோரா" என்றேன் நான். "கத்தி வாங்க. படம் அனுப்பி விலையும் பேசியாச்சாம்."

அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு பல் இருந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். "மாமி, உங்களுக்காகத்தான். சும்மா கிடந்து துருப்பிடிக்குது. வீட்டுச் செலவு, மருந்து..."

"நான் செத்திட்டனோ?"

"மாமி—"

"கேள்வி லேசானது. நான் செத்திட்டனோ இல்லையோ?"

"இல்லை."

"அப்ப கத்தி என்ரை."

எழும்பினார். உதவிக்குப் போன என்னைத் தள்ளிவிட்டு, சுவரைத் தடவித் தன் அறைக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்து லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு கத்தி. சின்னது, கொம்புப் பிடி, அட்டைக் கறுப்பு. இத்தனை வருடத்தில் அதை நான் கண்டதில்லை. மருமகனும் கண்டதில்லை, அவன் முகம் சொன்னது.

"இது அவர் பழம் வெட்டுற கத்தி. பொக்கற்றில வச்சுத் திரிஞ்சவர். இது அலுமாரிக் கத்தி இல்லை. படத்திலயும் இராது."

"அதையும் ஒருக்கால் காட்டுங்கோ மாமி" என்று ஃபாப்ரிட்சியோ கையை நீட்டினான்.

சிஞ்ஞோரா அவன் கையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பது வேறு விடயம், ஆனால் அவன் கை நீள்வது அவருக்குத் தெரியும். கத்தியைச் செல்வமேரிக்கு முன்னால் மேசையில் வைத்தார், பிடி அவள் பக்கமாக.

"பழத் தட்டில பீச் பழம் இருக்கு. வெட்டு."

செல்வமேரி கத்தியைத் தொடப் பயந்து என்னைப் பார்த்தாள். "எடு" என்றேன். எடுத்தாள். அலகில் பழச்சாறு காய்ந்து காய்ந்து வந்த கறை, பிடியில் சுருட்டு மணம், எல்லாம் அப்படியே இருந்தது. தோல் சீவி, துண்டு போட்டு, சிஞ்ஞோராவின் கையில் ஒன்று வைத்தாள்.

"துடை. உலர்ந்த துணியால மட்டும்" என்றார் சிஞ்ஞோரா மென்றுகொண்டு. "இதை மட்டும் புளியில போட்டியெண்டால் உன்ரை விரலை வெட்டி அந்தப் புளியில போடுவன்."

"சீ, சிஞ்ஞோரா" என்றாள் செல்வமேரி. எங்கள் 'ஓம்' அவர்களுக்குச் 'சீ'.

"மற்றதுகளுக்கு இவ எண்ணெய் போடக் காட்டித் தருவா. சனிக்கிழமை நீ வா."

நான் விடவில்லை. விடக் கூடாத இடம் அது. "ஒப்பந்தம் இல்லாமல் அவள் எப்பிடி வாறது சிஞ்ஞோரா? இந்தக் கிழமை கையெழுத்து வேணும். தம்பி இல்லையெண்டு சொல்லிப்போட்டார்."

"அப்பிடியோ ஃபாப்ரிட்சியோ?"

அவன் தலையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான், வீட்டுக்குள்ளே. "அவள் பிழை விட்டவள் மாமி. நீங்களே மணந்து பாத்தியள்."

"ஓம். பிழை விட்டவள். என்ரை முன்னால நிண்டு சொன்னவள். நீ?"

அவன் கறுப்புக் கண்ணாடியை மூக்கில் சரிசெய்தான்.

"பேப்பரை நாளைக்குக் கொண்டு வா. நான் கையெழுத்துப் போடுறன். இப்ப அந்தத் திறப்பை மேசையில வச்சிட்டுப் போ. நாளைக்கு வரேக்கை மணி அடி, இவ கதவு திறப்பா."

திறப்பை வைத்தான். கத்திகளுக்குப் பக்கத்தில் அது பித்தளைபோல் மின்னியது. கதவைச் சாத்திவிட்டு இறங்கினான். பழைய கட்டிடம், கல்லுப் படி, கீழே போகிறவனின் ஒவ்வொரு அடியும் மேலே கேட்கும். மேலே நடக்கிறது கீழேயும் கேட்கும்.

செல்வமேரி ஏப்ரன் முடிச்சைத் திரும்பக் கட்டினாள். நான் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன்.

சிஞ்ஞோரா துவாயைத் தடவி மாமியாரை எடுத்தார். வளையத்தை இழுத்து மடித்தார். கதவுப் பக்கம் திரும்பி, அவசரப்படாமல், ஒவ்வொரு பல்லாகத் திறந்தார்.

கட.

கட.

கட.

படியில் சப்பாத்துச் சத்தம் வேகமானது.